பகலில் போட்ட நாடகம்

ராஜபாளையம் பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்தோம். அந்த வீட்டின் முன்னறையைத்தான் நாடக ஆபீஸாக வைத்திருந்தேன். ஒரு மேஜை, ஒரு பெஞ்சு, சுவர் நிறைய நடிகர்களின் போட்டோக்கள். கோயில் பொங்கலுக்கு நாடகம் போட நினைக்கும் ஊர்க்காரர்கள் வந்து பெஞ்சில் உட்கார்ந்து சுவரை அண்ணாந்து பார்ப்பார்கள். இவர் வேண்டும், அந்தம்மா வேண்டும், பபூனுக்கு இவர் வேண்டாம், போன தடவை பொம்பளைகள் எழுந்து போகிற மாதிரிப் பேசிவிட்டார் என்பார்கள். நான் ஆட்களைப் பேசி, தேதி வாங்கி, வேன் பிடித்து, நாடகத்தன்று எல்லோரையும் ஊர் எல்லையில் கொண்டுபோய் இறக்க வேண்டும். நடிகர்களுக்கு ஏஜெண்ட் என்றால் வேலை அதுதான்.

எங்கள் பக்கத்து நாடகத்துக்கு நிரந்தரமான கம்பெனி கிடையாது. கதாநாயகனாக வரும் ராஜபார்ட் ஒரு ஊர், கதாநாயகியாக வரும் ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், மிருதங்கக்காரர் வேறெங்கோ. பல நேரம் மேடையில் வைத்துத்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கதை எல்லோருக்கும் தெரிந்த கதை, பாட்டு தெரிந்த பாட்டு, பேச்சு மட்டும் அந்தந்த நேரத்தில் வாயில் வருவது. அதனால் ஒரு ஆள் வராவிட்டால் நாடகம் ஒரேயடியாக நொண்டிவிடும். ஊர்க்காரர்கள் நடிகரைத் தேடிப் போக மாட்டார்கள். என்னைத்தான் தேடி வருவார்கள்.

நானும் மேடையில் ஆடியவள்தான். மகள் பிறந்த பிறகு ஆட்டத்தை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். பொம்பளை ஏஜெண்ட் என்று முதலில் சிரித்தவர்கள் பிறகு வாடிக்கையாக வந்தார்கள். என் வீட்டுக்காரர் ஆர்மோனியம். மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து வாசிப்பதோடு பின்பாட்டும் பாடுவார். நடிகர் ஒரு வரியைப் பாடி நிறுத்தினால் அதை எடுத்துத் திருப்பிப் பாடி, அவர் மூச்சு வாங்க நேரம் கொடுப்பதுதான் பின்பாட்டு. அவருக்கு நல்ல குரல். ஆனால் ஆள் என்னைவிடக் குள்ளம், முகத்தில் அம்மைத் தழும்பு. இளவயதில் ராஜா வேஷம் கேட்டுப் போன இடத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்களாம். அதற்கப்புறம் அவர் யாரிடமும் வேஷம் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை என்னிடம் சொன்னார், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

என் ஆபீஸ் தலைநிமிர்ந்து நடந்ததென்றால் அதற்குக் காரணம் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரான ஒரு ராஜபார்ட். நல்ல உயரம், சிரித்தால் கன்னத்தில் குழி விழும். திரைக்குப் பின்னாலிருந்து அவர் முதல் வரியைப் பாடும்போதே, கடைசி வரிசையில் துண்டை விரித்துப் படுத்திருப்பவர்கள் எழுந்து உட்காருவார்கள். என்னை அக்கா என்பார், என் வீட்டுக்காரரை அத்தான் என்பார். ரத்த சொந்தம் ஒன்றுமில்லை, பழகிய பழக்கம். வேறு ஏஜெண்டுகள் எத்தனை ஆசை காட்டினாலும், எங்க அக்காவைக் கேட்டுக்கோங்க என்று அனுப்பிவிடுவார். ஊர்க்காரர்கள் அவருக்காக வருவார்கள். அவரோடு மற்ற நடிகர்களுக்கும் நான் வேலை பிடித்துக் கொடுப்பேன். அப்படி எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி. அந்த வருஷம் சுற்றுவட்டாரத்தில் ஊருக்கு ஊர் தகராறு. பஸ்ஸில் கல் விழுந்தது. வத்திராயிருப்புப் பக்கம் ராத்திரியில் கூட்டம் கூடக் கூடாது என்று போலீஸ் சொல்லிவிட்டது. பேசி வைத்த நாடகங்களை ஒவ்வொரு ஊராக வந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மகாராஜபுரம் மட்டும் பின்வாங்கவில்லை. போன வருஷமே தகராறில் பொங்கல் நின்றுபோன ஊர் அது. இந்த வருஷம் எப்படியும் நடத்தியே தீருவதென்று விழாக் கமிட்டித் தலைவர் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்து, ராத்திரி இல்லாவிட்டால் பகலிலாவது நாடகம் போட்டுக்கொள்கிறோம் என்று அனுமதி வாங்கிவிட்டார். ராஜபார்ட் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்தான் என்று அவர் படம் போட்டு போஸ்டரும் அடித்தாகிவிட்டது. அந்தச் சீசனில் என் கையில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு நாடகம்தான்.

அந்த நேரத்தில்தான் ஒருநாள் ராஜபார்ட் ஆபீஸுக்கு வந்தார். வந்தால் வாசலிலேயே பாடிக்கொண்டு நுழைகிறவர் அன்று பேசாமல் வந்து உட்கார்ந்தார். கழுத்தில் மப்ளர். பங்குனி வெயிலில் மப்ளர். டீ வேண்டுமா என்றேன், தலையாட்டினார். சளியா என்றேன், அதற்கும் தலையாட்டினார். ஊர்க்காரர் ஒருவர் வந்து அவரிடம் கும்பிடு போட்டுப் பேச ஆரம்பித்ததும் சிரித்தபடியே எழுந்து வெளியே போய்விட்டார். பின்னாலேயே போய்ச் சந்தின் முனையில் நிறுத்தி, பேசுங்க தம்பி என்றேன்.

அவர் வாயைத் திறந்தார். வந்தது குரல் அல்ல. ஓட்டை விழுந்த சைக்கிள் டியூபிலிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம். அதற்குள் சொல் எங்கேயோ இருந்தது.

மாசியிலிருந்தே இப்படித்தானாம். மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தை எல்லாம் பார்த்தாயிற்று. வீட்டில் பெண்டாட்டியிடம்கூட சளி என்றுதான் சொல்லியிருக்கிறார். மறுநாளே அவரைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன். டாக்டர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். நாக்கை ஒரு துணியால் பிடித்து இழுத்துவைத்திருந்தார்கள். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குரல் வருகிற இடத்தில் கட்டி இருக்கிறது, வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினால்தான் அது எந்த மாதிரிக் கட்டி என்று சொல்ல முடியும் என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு மகாராஜபுரம் பொங்கல் முடிந்த மறுவாரம் நாள் கொடுத்தார். அதுவரைக்கும் பேசக் கூடாது, பாடுகிற பேச்சே இல்லை, கிசுகிசு என்று பேசுவதுகூடக் கெடுதல் என்றார். நான் தயங்கித் தயங்கி, அதற்கப்புறம் பாடலாமா என்று கேட்டேன். முதலில் ஆள் பிழைக்கட்டும் அம்மா என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் அவர் என் பக்கமாகக் குனிந்தார். டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்து கையைக் காட்டித் தடுத்தேன். கேட்கவில்லை.

“யார்கிட்டயும் சொல்லிராதீகக்கா. குரல் போச்சுன்னு தெரிஞ்சா என்னைய மறந்துருவாங்க.”

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் இறங்கி, பஸ் நகர்கிறவரை நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் ராஜபாளையம் வருகிறவரை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டே வந்தேன்.

பக்கத்தில் குடை, செருப்புக் கடை வைத்திருந்த பாய் வீட்டு போனில்தான் நான் வெளியூர் பேசுவது. அன்றிலிருந்து எனக்குத் தெரிந்த ராஜபார்ட்டுகளை எல்லாம் கூப்பிட்டேன். ஒருவர் சிவகங்கைப் பக்கம் தேதி கொடுத்திருந்தார். ஒருவர், அந்தப் பக்கம் வெட்டுக்குத்துன்னு பேப்பர்ல போட்டிருக்கானே அக்கா, எம்புட்டுக் குடுத்தாலும் வரமாட்டேன் என்றார். இன்னொருவர் பகல் நாடகம் என்றதும் சிரித்தார். வெயிலில் ஜிகினா சட்டை போட்டு நிற்க அவருக்கென்ன பைத்தியமா என்று கேட்டார். வரச் சம்மதித்த ஒரே ஒருவர், அது உங்க ஸ்ரீவில்லிபுத்தூர் ஆளோட தேதியாச்சே, அவருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். அவரிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் புதுக்கோட்டை வரைக்கும் தெரிந்துவிடும். பாய் நான் பேசியதை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார். ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

வேறு வழி தெரியாமல் மகாராஜபுரத்துக்கே கிளம்பினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி வத்திராயிருப்பு பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ். விழாக் கமிட்டித் தலைவர் தென்னந்தோப்பில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். அறுபது வயசு இருக்கும். வாய்க்கால் கரையில் துண்டை உதறிப் போட்டு உட்காரச் சொன்னார். ஒரு நாலைந்து பொய்களைப் பஸ்ஸிலேயே தயார்செய்து வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன். வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன்.

அவர் மண்வெட்டியால் வாய்க்காலை அடைத்துவிட்டு வந்தார். நாடகம் நின்றால் என்ன ஆகும் என்று அப்புறம் சொன்னார். ஊருக்குள் இரண்டு தெருக்காரர்களும் இந்த வருஷம்தான் சேர்ந்து வரி போட்டிருக்கிறார்கள். அவர் ஒரு தெரு, செயலாளர் அடுத்த தெரு. இரண்டு பேரும் ஸ்டேஷனில் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆள் மாறினால், பணத்தைத் தின்றுவிட்டுக் கொறஞ்ச ஆளைக் கொண்டாந்துட்டான் என்று ஒரு தெரு சொல்லும், அடுத்த தெரு சும்மா இருக்காது. பொறவு நாடகம் போச்சு, ஊரும் போச்சு.

“குரலு இல்லாட்டிப் போகுது தாயி. ஆளு வரணும். படத்துல உள்ள ஆளு மேடையில வந்து நிக்கணும். ஒன் வீட்டுக்காரர் பாடுவாருல்ல? அவரு பாடட்டும், இவரு வாயசைக்கட்டும்.”

பகல் வெளிச்சத்தில் எப்படி அய்யா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். என் அப்பா வயதுள்ள மனிதர். நானும் கும்பிட்டேன். யாருக்கு யார் உதவி செய்யப் போகிறோம் என்று தெரியாமல் இரண்டு பேரும் கும்பிட்டுக்கொண்டு நின்றோம்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் ஆர்மோனியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியைக் கீழே போட்டார்.

“ஏட்டி, இம்புட்டு நாளா ஓரத்துல உக்காந்து வரியைத் திருப்பிப் பாடுனேன். என்னைக்காவது வாய் தெறந்து கேட்டனா? இப்ப என் குரலையே எடுத்து இன்னொருத்தன் வாயில வைக்கச் சொல்லுத.”

அவர் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது. மகாராஜபுரத்தை நினைத்தேன், ராஜபார்ட்டை நினைத்தேன். சோறு பொங்கும்போது நினைப்பு வேறெங்கோ போய்க் கொதிகஞ்சி காலில் கொட்டிவிட்டது. அவர்தான் தேங்காய் எண்ணெய் தடவி விட்டார். தடவும்போதும் முடியாது என்றுதான் சொன்னார்.

பொங்கலுக்கு முந்தின நாள் ராஜபார்ட் எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னிடம் வரவில்லை, நேரே என் வீட்டுக்காரரிடம் போனார். ஆர்மோனியத்துக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ராஜபார்ட் கையை நீட்டி, இவர் எப்போதும் அவருடைய உச்சக் குரலுக்காக வைக்கும் அஞ்சு கட்டைச் சுருதியை அழுத்தினார். துருத்தியை இன்னொரு கையால் அவரே அசைத்தார். சுருதி மட்டும் வீடு முழுக்க நின்றது. வாயைத் திறந்தார், மூடினார். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. கன்னத்தில் தண்ணீர் ஓடுவதைத் துடைக்கவும் இல்லை.

என் வீட்டுக்காரர் அவர் பக்கம் திரும்பி, “போதும் மாப்ள, எடு கையை” என்றார். “எந்தப் பாட்டுல ஆரம்பிக்கிறது? அதைச் சொல்லு.”

மறுநாள் காலை ஒன்பது மணிக்கெல்லாம் மகாராஜபுரத்தில் கோயில் முன்னால் கூட்டம் நிறைந்துவிட்டது. மேடைக்கு மேலே பந்தல், எதிரே வெட்டவெளி. பெண்கள் குடையும் முந்தானையுமாக உட்கார்ந்திருந்தார்கள். வேப்பமரத்தடியில் போலீஸ் வேன் ஒன்று நின்றது. ஒரு தெருக்காரர்கள் வலது பக்கம், ஒரு தெருக்காரர்கள் இடது பக்கம், நடுவில் யாரும் சொல்லாமலே ஒரு வண்டி போகிற அளவு இடைவெளி. நான் படுதாவின் பக்கவாட்டில் நின்றுகொண்டேன்.

ஸ்திரீபார்ட் அம்மாவிடமும் பபூனிடமும் மட்டும் காலையில் வேனில் வைத்துச் சொல்லியிருந்தேன். ராஜபார்ட் பாட்டில் மட்டும் பதில் சொல்வார், பேச்சு வருகிற இடத்தில் நீங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. பபூன் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் சரி என்றார்.

திரைக்குப் பின்னாலிருந்து வருகிற மாதிரி முதல் வரி எழுந்தது. மேடை ஓரத்தில் ஆர்மோனியத்தின் மேல் குனிந்து, வாய் தெரியாதபடி என் வீட்டுக்காரர் அவர் மாதிரியே பாடினார். அந்த இழுப்பு, அந்தக் கடைசி எழுத்தில் வருகிற சின்ன நடுக்கம் எல்லாம். இத்தனை வருஷம் பின்பாட்டுப் பாடியவர் அல்லவா. கூட்டம் கைதட்டியது. ராஜபார்ட் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். பந்தலுக்குள் சாய்ந்து விழுந்த வெயிலில் கிரீடம் பளபளத்தது. உதட்டை அசைத்தார், கையை விரித்தார், நடந்தார். நாலைந்து பாட்டு அப்படியே போயிற்று. எனக்கு மூச்சு வந்தது. கமிட்டித் தலைவர் கீழே நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

பிறகு ஒருவர் அன்பளிப்புக் கொடுக்க மேடையேறினார். வெளியூரில் மில் வேலை பார்க்கிறவர் என்று சொன்னார்கள். ராஜபார்ட்டின் சட்டையில் நோட்டைக் குத்திவிட்டு, மைக்கைக் கழற்றி அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, எங்க ஐயா செத்த வருஷம் நீங்க பாடுன பாட்டு, ஒரே ஒரு வரி பாடுங்க என்றார். என் வீட்டுக்காரர் அவசரமாகத் தன் மைக்கில் அந்தப் பாட்டை எடுத்தார். ராஜபார்ட் வாயை அசைத்தார். மைக் வைத்திருந்தவர் ஒரு முழம் தூரத்தில் நின்று அந்த வாயைப் பார்த்தார். ஆர்மோனியத்தைத் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் வாயைப் பார்த்தார்.

“ஏலே, இவரு பாடலலே” என்றார். மைக் அவர் கையில் இருந்தது. ஊருக்கே கேட்டது.

என் வீட்டுக்காரர் பாட்டை நிறுத்திவிட்டார். ராஜபார்ட் அந்த மைக்கைத் தன் கையில் வாங்கினார். வேண்டாம் என்று நான் கையை ஆட்டினேன், அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை.

“எனக்குக் குரல் போச்சு” என்றார்.

ஸ்பீக்கரில் அது கீச்சென்று வந்தது. கூட்டம் சிரித்தது. முன்வரிசைப் பிள்ளைகள்தான் முதலில் சிரித்தார்கள், பிறகு எல்லோரும். பபூனோடு சேர்ந்து ஏதோ வேடிக்கை செய்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். அவர் கழுத்தைத் தொட்டுக் காட்டி மறுபடியும் சொன்னார். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். ஒரு பெண் குடையைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரைக்கும் மறக்கவில்லை. அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. சிரிக்கத்தானே வந்திருக்கிறார்கள். கிரீடத்தோடு அவர் நடுவில் நின்று மூன்றாவது தடவையும் சொல்லப் பார்த்தார். அப்போது சத்தமே வரவில்லை.

கமிட்டித் தலைவர் மேடைக்கு ஓடிவந்தார். உள்ளதைச் சொன்னார். தொண்டையில் கட்டி, அடுத்த வாரம் ஆபரேஷன், ஊருக்காக வந்து நிற்கிறார், எல்லாம் தெரிந்து நான்தான் வரச்சொன்னேன் என்றார். சிரிப்பு நின்றது. ஆனால் வலது பக்கத்திலிருந்து ஒருவன், அப்ப எங்க வரிப்பணத்துல ஊமை நாடகமா என்று கத்தினான். இடது பக்கத்திலிருந்து ஒருவன் அவனைப் பார்த்து எழுந்தான். நடுவில் இருந்த இடைவெளியில் ஆட்கள் இறங்கினார்கள். போலீஸ்காரர்கள் லத்தியை எடுத்துக்கொண்டு மரத்தடியிலிருந்து வந்தார்கள்.

அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் எழுந்தார். ஆர்மோனியத்துக்குப் பின்னாலிருந்து அவர் மேடை நடுவுக்கு வந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வேட்டி, சட்டை, தோளில் துண்டு. அந்த உயரமான மனிதருக்குப் பக்கத்தில் இன்னும் குள்ளமாகத் தெரிந்தார். மைக்கை வாங்கிக் கம்பியில் மாட்டி, தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு, வாத்தியம் ஒன்றும் இல்லாமல் பாட ஆரம்பித்தார். மிருதங்கக்காரர் தடுமாறிப் பிறகு பிடித்துக்கொண்டார். ஸ்திரீபார்ட் அம்மா ஒரு கணம் திகைத்து, அவரையே ராஜாவாகப் பார்த்துப் பதில் பாடினாள். முதலில் சில இளவட்டங்கள் விசிலடித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். எல்லோரும் உட்காரவில்லை. கணிசமான பேர் எழுந்து போனார்கள். ஆனால் கைகலப்பு இல்லை.

ராஜபார்ட் எப்போது படுதாவுக்குப் பின்னால் வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. நான் பார்த்தபோது ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து தேங்காய் எண்ணெயால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அரிதாரம் பாதி போய்ப் பாதி நின்றது. படுதாவின் அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் பாடிக்கொண்டிருந்தார். கூட்டம் கைதட்டியது. அவர் வாழ்நாளில் அவருக்கென்று கிடைத்த முதல் கைதட்டல் அது. நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க ஆசையாக இருந்தது. ராஜபார்ட் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கை சில்லென்று இருந்தது, அந்த வெயிலிலும். ஒவ்வொரு கைதட்டலுக்கும் அந்தக் கை லேசாக அசைந்தது.

நாடகம் பிற்பகலில் முடிந்தது. இரண்டு தெருக்காரர்களும் வந்து என் வீட்டுக்காரருக்குத் துண்டு போட்டார்கள். அடுத்த வாரம் மதுரையில் ஆபரேஷன் ஆயிற்று. சோதனை முடிவு வரும்வரைக்கும் நான் தூங்கினேனா என்று எனக்கே தெரியாது. கெட்ட கட்டி இல்லை என்றார்கள். நான் ஆஸ்பத்திரித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் நல்ல சேதி அதோடு நின்றது. பேச்சு வந்தது, கரகரவென்று, தாழ்வாக. பாட்டு வரவில்லை.

மகாராஜபுரத்தில் நடந்தது ஒரே வாரத்தில் எல்லா ஊருக்கும் தெரிந்துவிட்டது. என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர்கள் சுவரை அண்ணாந்து பார்க்கவில்லை. உங்க வீட்டுக்காரரே வரட்டும் அம்மா என்றார்கள். தகராறு அடங்கிச் சித்திரை, வைகாசிக்கு நாடகங்கள் திரும்பி வந்தபோது, ராஜபார்ட்டுக்கென்று நான் குறித்து வைத்திருந்த ஊர்களுக்கெல்லாம் என் வீட்டுக்காரர்தான் போனார். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போங்கள் என்று சொல்லவும் வரவில்லை. போகாவிட்டால் மற்ற நடிகர்களுக்கும் அந்த ஊர்கள் இல்லை.

ஒருநாள் காலை ராஜபார்ட்டின் பெண்டாட்டி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தாள். என்னை மதினி என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள். அன்று வாசற்படியில் நின்றுகொண்டே பேசினாள்.

“அவுகளை வெயில்ல நிறுத்தி ஊரைச் சிரிக்க வச்சு, ஒங்க வீட்டுக்காரருக்கு மேடை பிடிச்சுக் குடுத்துட்டீகளே மதினி.”

அவள் அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேன். அவள் அழவில்லை. உள்ளே வா என்றேன், வரவில்லை. நான் சொல்ல நினைத்தது எவ்வளவோ. தென்னந்தோப்பு, கும்பிட்ட கிழவர், அஞ்சு கட்டைச் சுருதி. சொன்னால் அவளுக்கு அது என்ன சமாதானம். சந்து திரும்பி அவள் மறைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றேன். சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஆனால் அடுத்த நாள் நாடகத்துக்குப் போனார்.

அடுத்த வருஷம் ராஜபார்ட்டுக்கு வேறு வேஷம் கொடுத்துப் பார்த்தேன். மந்திரி, கிழவன், வில்லன், பாட்டில்லாத வேஷமாகப் பார்த்துப் பார்த்து. அவர் வந்தார், செய்தார். ஊர்க்காரர்கள் அவரைப் பார்த்ததும் தங்களுக்குள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். ஒரு ஊரில் சின்னப் பையன்கள் அவர் பேசியதைப் போலவே கீச்சென்று பேசிக் காட்டினார்கள். அன்று வேனில் வரும்போது, இனிமே என்னையக் கூப்பிடாதீகக்கா என்றார். வீட்டை ஒத்திக்கு விட்டுவிட்டு, மனைவியின் ஊரான வத்திராயிருப்புக்கே குடிபோய்விட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். பார்க்கப் போக நினைத்து இரண்டு தடவை ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போனேன். வத்திராயிருப்பு பஸ் நிற்கும். ஏறாமல் திரும்பிவிடுவேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் மதுரை போய்த் திரும்பும்போது, கிருஷ்ணன்கோவிலில் பஸ் டயர் வெடித்து நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கி டீக்கடை நிழலில் நின்றோம். அங்கே பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. மகளைக் கல்லூரியில் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். மாந்தோப்பு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்துப் பார்க்கிறாராம். டீ சொன்னார். அந்தக் குரலைக் கேட்க நான் கொஞ்சம் குனிய வேண்டியிருந்தது.

“அத்தான் பாடுறாகளா?”

“பாடுதாக தம்பி. முட்டி வலி. முன்ன மாதிரி அம்புட்டு ஊருக்குப் போறதில்ல.”

அவர் டீயைக் குடித்து முடித்தார். அவருடைய பெண்டாட்டி வந்து பேசியது எங்களுக்குள் இருந்துகொண்டே இருந்தது. நான் அதை எடுக்கத் தயங்கினேன். அவரே எடுத்தார்.

“அவ பேசுனது எனக்குப் பொறவுதான் தெரியும்க்கா. அன்னைக்குப் படுதாவுக்குப் பின்னால உக்காந்து கேட்டேன்ல. காலையில எனக்காகப் பாடுனப்ப அத்தான் அஞ்சு கட்டையில பாடுனாக. அது அவுக சுருதியே கிடையாது, தொண்டை கிழிஞ்சிருக்கும். நடுவுல வந்து நின்னப்பதான் அவுக சுருதிக்கு இறங்குனாக. மேடையைப் பிடுங்க நெனச்சவுக எனக்காக அம்புட்டு ஒசரத்துல பாடுவாகளான்னு அவகிட்டக் கேட்டேன். அவளுக்கு வெளங்கல.”

உங்களுக்கு வருத்தமில்லையா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“இல்லாம என்னக்கா. இருக்கு” என்றார். “மேடை ஞாபகம் வந்தா தோப்புல போயி உக்காந்துக்கிடுவேன். செத்த நேரத்துல சரியாயிரும். சில நாளு ஆகாது.”

டயர் மாற்றியாகிவிட்டது என்று கண்டக்டர் விசிலடித்தார். மே மாசம் மாம்பழம் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். அத்தானைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தச் சுருதி விஷயத்தையும். எந்தத் தோப்பு, வத்திராயிருப்பில் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை, நான் கேட்டுக்கொள்ளவில்லை. அதற்காக அவர் என் மேல் கோபப்பட்டார். மறுநாள் காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டே, வத்திராயிருப்பு போக ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.